மூன்று பெட்டி ரயில்

ஆதிரைக்கு நாளை ஆறு வயது.
ரயில் கேக்தான் வேண்டுமாம்.
கோமளாவுக்கு இரவு வேலை, ஏழாவது வார்டு.
ஆகவே மாவும் நானும் சமையலறையில்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.

மின்தூக்கி பழுதுபார்ப்பவன் நான்,
மில்லிமீட்டரில் பிழைப்பவன்.
"வெண்ணெய் இளகணும், உருகக் கூடாது" என்று
இடைவேளையில் அவள் அனுப்பிய குரல்பதிவை
ஐந்து முறை கேட்டேன்.
பின்னணியில் யாரோ ஒரு பெரியவர்
ஹொக்கியனில் தண்ணீர் கேட்கிறார்.
இளகுவதற்கும் உருகுவதற்கும் நடுவே
எத்தனை நிமிடம் என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.

நீளவாட்டு கேக் தட்டு
எதிர்வீட்டு காக் ரொஹானாவுடையது.
கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்.
யோசித்தது நான்தான்.
புதுக் கரண்டி வாங்கினேன்.
அடியில் இரண்டு தாள் விரித்தேன்.
வெண்ணெய் உறையையும் மாவுப் பையையும்
குப்பையில் போடாமல் மடித்து வைத்தேன்,
கேட்டால் காட்டலாம் என்று.

ஒரே தட்டு, மூன்று முறை.
இரண்டாவது வேகும்போது
குளிர்சாதனமும் ஓவனும் சேர்ந்து இழுத்ததில்
வீடு முழுக்க இருட்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
சுவிட்சைத் தூக்கிவிட்டுத் திரும்பினால்
நடுப்பெட்டியின் வயிற்றில் குழி.
சரி, காயாவைப் போட்டு நிரப்பு.
பயணிகள் யாரும் புகார் தரப்போவதில்லை.

ரயிலுக்கு முதுகு தட்டை,
கேக்குக்கோ உப்பல்.
எஃகு அளவுகோலை வைத்து
மேட்டைச் சீவினேன், ஓரங்களை அறுத்தேன்.
சீவியதெல்லாம் மைலோ டப்பாவுக்குள்.
பக்கத்துக்கு நான்கு கதவு, ஒன்றும் பிசகவில்லை.
மேலே சிவப்பு க்ரீம்,
ஈசூனில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே
ஓடுவது சிவப்புப் பாதை அல்லவா.
மணி நாலரை.
வெளியே முதல் ரயில் இன்னும் கிளம்பவில்லை.
என்னுடையது தயார்.

எட்டு மணிக்கு வந்தாள்.
செருப்பைக் கழற்றாமலே பார்த்தாள்.
"மூணு பெட்டியா?"
"ஆமா."
"சிவப்புக்கு ஆறு பெட்டி.
மூணுன்னா வட்டப்பாதை.
அவ கேக்கை வெட்டவே விடமாட்டா."

தினமும் படுக்கையில் ஆதிரை ஒப்பிப்பதுதான்.
தலையாட்டிக்கொண்டே தூங்கிவிடுகிறவன் நான்.

இன்னும் மூன்று பெட்டிக்கு
முட்டையும் இல்லை, தெம்பும் இல்லை.
கடைசியில் கைகொடுத்தது
நான்காவதாக ஒரு பெட்டி, அஞ்சறைப்பெட்டி.
சீருடையோடு நின்று
மருந்தை அளக்கும் அதே முகத்தோடு
கோமளா கால் சிட்டிகை மஞ்சள்தூள் எடுத்தாள்.
சுரண்டிய சிவப்பில் அது கரைந்து கரைந்து
வட்டப்பாதையின் நிறத்துக்கு வந்தது.

அப்புறம் இருவரும் தரையில் உட்கார்ந்து
மைலோ டப்பாவைத் திறந்தோம்.
சூடான கோப்பி, கேக்கின் ஓரங்கள்.
ஹொக்கியன் பெரியவர் விடியற்காலையில்
ஒருவழியாகத் தூங்கினாராம்.
வேறு பேச்சில்லை.
ஏழு துண்டு தின்றாள்.
எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டே
சுவரில் சாய்ந்து உறங்கிப்போனாள்,
கன்னத்தில் ஒரு மஞ்சள் கீற்று.

மாலை நாலு மணி.
ஆதிரை மேசையை ஒருமுறை சுற்றிவந்தாள்.
பெட்டியை எண்ணினாள், கதவை எண்ணினாள்.
"வட்டப்பாதை" என்றாள்,
அதிகாரி கையெழுத்துப் போடுவதுபோல.
ஜுன் வெய் மட்டும்
இந்த கேக்கில் கறி வாசம் வருகிறது என்றான்.
இரண்டாம் துண்டும் கேட்டான்.

காயா இருந்த பாதியை
கழுவித் துடைத்த தட்டிலேயே வைத்து
எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.
உறைகள் என் சட்டைப்பையில்.
காக் ரொஹானா எதுவும் கேட்கவில்லை.
வாசலில் நின்றபடியே ஒரு வாய்,
கண்ணை மூடினார், சிரித்தார்.
"குன்யிட்?"
மஞ்சளைப் பிடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தட்டு திரும்பி வந்தது,
நிறைய மரவள்ளிக்கிழங்கு பிங்காவோடு.
இரண்டு நாள் காலையில் அதுதான் எங்களுக்குப் பசியாற.
இப்போது தட்டு காலி.
வெறுந்தட்டை எப்படிக் கொடுப்பது?

இன்றும் அவளுக்கு இரவு வேலை.
குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு
மாவு சலிக்கிறேன்.