ஜூலையில் தாடி

வில்யாண்டியில் இரவு பதினொன்று ஆனாலும்
வெளிச்சத்துக்கு வீட்டுக்குப் போக மனமில்லை.
சன்னலில் கொசு, கிண்ணத்தில் ஸ்ட்ராபெரி,
திரையில் ஒன்றுமே இல்லாத வெள்ளை.
டிசம்பர் மாதத்துக் கேஃபிர் பெட்டிக்கு
நாளைக் காலை எட்டு மணிக்குள்
ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா வேண்டுமாம்.

முதலில் வட்டம்.
ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் வட்டம்,
விரல் தளர்ந்தால் முட்டை.
அது வயிறு.
அதன்மேல் இன்னொன்று, சின்னதாக. தலை.
முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து
ஒரு பக்கமாகச் சாய்த்தேன், குல்லா ஆனது.
இதுவரைக்கும் அவர்
சாலையோர எச்சரிக்கைப் பலகையிலிருந்து
இறங்கி ஓடி வந்தவர் மாதிரிதான் இருந்தார்.

தாடியில்தான் தகராறு.
பதினேழு வட்டங்களைக் கொத்தாகக் குவித்து
ஒன்றாகு என்றேன்.
ஆனது. ஆட்டுக்குட்டியாக.
கண்ட்ரோல் இசட்.
ஒன்பது வட்டம். மழை மேகம்.
கண்ட்ரோல் இசட்.
ஐந்தே ஐந்து போட்டு
ஐந்தாவதை மட்டும் கொஞ்சம் கீழே நழுவவிட்டபோது
திரைக்குள் யாரோ
பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்கள்.

அச்சகத்து உர்மாஸ் முன்பே சொல்லியிருந்தார்:
நாலு நிறம், அதற்கு மேல் இல்லை.
சிவப்பிலிருந்து ரோஜாவுக்கு
மெல்ல வழுக்கிப் போகும் வேலையெல்லாம் வேண்டாம்,
எங்கள் எந்திரத்துக்கு வழுக்கத் தெரியாது.
அதனால் என் தாத்தாவின் கன்னம்
அப்பட்டமான ஒரே சிவப்பு,
யாரிடமோ அறை வாங்கியதைப் போல.

பால் நிறுவனத்துக் கெர்ட்டு
தூங்குவதில்லை போலும், எழுதியிருக்கிறாள்:
வயிறு குறையட்டும், இது கொழுப்பு குறைந்த கேஃபிர்.
பொத்தான் மூன்று போதும்.
அப்புறம்,
அவர் சிரிக்கிறாரா இல்லையா?

எனக்கு எப்படித் தெரியும்?
தாடிக்கு அடியில் நான் வாயே வைக்கவில்லை.

இரண்டு புள்ளி வைத்தேன்.
புள்ளிக்கு முளைத்த கைப்பிடியைப் பிடித்து
கீழே இழுத்தேன்; கோடு வளைந்தது.
தாடிக்கு மேலே வைத்தால்
வாழைப்பழம் கவ்விய முகம்.
தாடிக்குக் கீழே தள்ளினால்
காணோம்.

அழிக்கப் போன விரல் நின்றது.

எங்கள் ஊரில் தாத்தா சும்மா கொடுப்பவர் இல்லை.
கவிதை சொல்ல வேண்டும்,
சொன்னால்தான் மூட்டை அவிழும்.
ஆறு வயதில், மழலைப் பள்ளிக் கூடத்தில்,
உள்ளே ஏறியிருந்த கம்பளிக் காலுறை அரிக்க
இரண்டு வரி சொன்னேன்.
மூன்றாவது வரி
மண்டைக்குள் எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டது.
அம்மாக்கள் எல்லோரும் புன்னகையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.
டீசல் வாசம் அடித்த தாத்தா குனிந்தார்.
பஞ்சு அசைந்தது. அவ்வளவுதான்,
பஞ்சு மட்டும்.
மூன்றாவது வரி என் காதுக்குள் இருந்தது.

வாயை அங்கேயே விட்டேன்.
கன்னங்களை மட்டும் மூன்று பிக்சல் ஏற்றினேன்,
கண்ணின் அடிப்பாகம் மறைந்தது.
வயிற்றைக் குறைத்ததாகப் பெயர் பண்ணினேன்.
கோப்புக்கு "கடைசி ஏழு" என்று பெயரிட்டு அனுப்பினேன்.
இப்போது சிரிக்கிறார், என்ன செய்தாய் என்று
கெர்ட்டு கேட்டாள்.
கன்னம் என்றேன்.

மறுநாள் உர்மாஸின் தொலைபேசி,
பின்னால் எந்திரங்களின் தடதடப்பு.
"தாடிக்கு அடியில் ஏதோ வடிவம் கிடக்கிறது.
நீக்கிவிடவா?"
"வேண்டாம்."
"அது அச்சில் வராது, தெரியுமில்லையா?"
"தெரியும்."
"பிறகு எதற்கு?"
"யாராவது வரி மறந்துபோனால்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
தடதடப்பு மட்டும் கேட்டது.
அவருக்கும் ஆறு வயது இருந்திருக்கும்தானே.
"சரி," என்றார், "அந்த அடுக்கைப் பூட்டிவைக்கிறேன்.
ஆனால் வயிறு
இன்னும் பெரிதுதான்."