இரண்டும் ஒரே படத்தில்

நாயும் தெரிந்தது, கல்லும் தெரிந்தது.
டாக்டர் ஸர்மீத்தே எக்ஸ்ரேயை விளக்கின் மேல் வைத்து
பேனா முனையால் எண்ணினார்:
ஐந்து, ஆறு,
இது நிழலாகவும் இருக்கலாம், ஏழு.

லியெபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்.
இங்குனா பதினெட்டு வருடமாய் அதில்
போகிறாள், வருகிறாள்.
அவளுடைய ஷ்னாசரின் பெயருக்கு
அந்த ஊர்ப் பேச்சில் சோம்பு என்று பொருள்.
சோம்பலே அறியாத கிமெனே
அந்த வாரம் கம்பத்துக்குக் கம்பம் குந்தியது.
முக்கி முக்கி,
பனியில் ஒரு சொட்டு, ரோஜா நிறத்தில்.
பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தது
ஏதோ உடைத்துவிட்டதைப் போல.

மாடிவீட்டு வெல்டா ஒரு டப்பா கொடுத்தாள்,
சதுப்பில் பறித்த கிரான்பெர்ரியின் பொடி.
"என் பூனைக்குக் கரைந்தே போச்சு."
மருந்துக்கடையில் இன்னும் இரண்டு வாங்கினாள்,
ஒன்றின் லேபிளில் லாப்ரடார் துள்ளியது.
சம்பளத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

"பூனைக்கு வந்தது கரைகிற ஜாதி," என்றார் டாக்டர்.
"இது ஆக்சலேட் மாதிரி தெரிகிறது.
இதைக் கரைக்கும் பொடியை நான் பார்த்ததில்லை.
அறுத்துத்தான் எடுக்கணும்.
அப்புறம் தண்ணீர். கெஞ்சியாவது குடிக்க வையுங்கள்."

இங்குனாவுக்குப் பொடி மேல் கோபமில்லை.
வெல்டா மேலும் இல்லை.
பத்து நாள், விடிகாலை நாலரைக்கு,
விரலால் வழித்துச் சமமாக்கி
அளந்து போட்டாளே அரைக் கரண்டி,
அந்தக் கரண்டியைத்தான் வீசினாள்.

ஏழல்ல, ஒன்பது.
முள் முளைத்திருந்தன.
எட்டு ஆய்வகத்துக்குப் போயின, ஒன்று குப்பியில் அவளுக்கு.
மிச்சப் பொடியை அப்பத்தில் கலந்து
அவளே தின்று தீர்த்தாள், புளித்தது.
சீட்டில் எழுதித் தந்த சிட்ரேட் மட்டும் தொடர்கிறது,
நீர் ததும்பும் சோற்றில் மறைந்து.

மேற்குக் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள்
பாதி ஊர் கடற்கரையில் குனிந்து நடக்கும்
ஆம்பர் பொறுக்க.
இங்குனாவும் குனிந்திருந்தாள்,
சூப்புக் கரண்டியை கிமெனேவின் பின்னால் நீட்டி,
மறுகையில் சோதனைத் தாள்,
உதடு மட்டும் அசைய.

"ஏதாவது கிடைச்சுதா?"
தூரத்திலிருந்து விஸ்வால்டிஸ்.
காலையிலிருந்து அவர் பையில் கடற்பாசிதான்.

"பதினாலு!" என்று கத்தினாள்.
பதினாலு நொடி,
நடுவில் அறுபடாமல்.

அவர் தன் பையைப் பார்த்துக்கொண்டார்.