குறியீடு இரண்டு

கேள்வி இருபத்தாறை
அச்சிட்டபடியே வாசிக்க வேண்டும்.
"கடந்த பன்னிரண்டு மாதங்களில்
செலவுக்குப் பயந்து
சிகிச்சை எதையாவது தள்ளிப்போட்டீர்களா?"

மொன்டானாவின் வடக்கே
காற்று ஓயாத ஒரு வீட்டிலிருந்து
ஆர்லன் ஸ்விட்டாக், வயது அறுபத்தொன்று,
கோதுமை லாரி ஓட்டுகிறவர்,
யோசித்துச் சொன்னார்:
"தள்ளிப்போடவில்லை மேடம்.
தள்ளிப்போட்டால் என்றைக்காவது போவேன் என்று அர்த்தம்.
நான் விட்டுவிட்டேன்."

ஆம் என்றால் ஒன்று.
இல்லை என்றால் இரண்டு.
தெரியாதவருக்கு எட்டு, சொல்ல மறுப்பவருக்கு ஒன்பது.
விட்டுவிட்டவருக்கு எண் இல்லை.

மறுபடி வாசித்தேன். விதி அதுதான்:
திரும்ப வாசிக்கலாம், விளக்கக் கூடாது.
"இல்லை என்றுதானே சொன்னேன்"
குரலில் சலிப்பு.
பின்னால் கெட்டில் கூவியது,
யாரோ எழுந்துபோய் அணைத்தார்கள்.
இரண்டை அழுத்தினேன்.

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்ற கட்டத்தில்
அவருக்கு ஒன்று.
மாதம் தவறாத பிரீமியம்.
வருடத்தின் முதல் ஏழாயிரம் டாலர் மட்டும்
அவர் கையிலிருந்து,
அதைத் தாண்டினால்தான் அட்டை கண் திறக்கும்.
அத்தனை பெரிய நோய்
எந்த வருடமும் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை.

பிப்ரவரி. ஹெலினா.
குழு அறையில் நாற்காலிகளின் முதுகில்
ஈரக் கோட்டுகள்.
டாக்டர் லெனோர் பிஷ்காஃப்
அட்டவணை நான்கைத் திரையில் போட்டார்.
தள்ளிப்போட்டோர்
பத்தொன்பது சதவீதத்திலிருந்து பதினாறு.
பிழை வரம்பையும் சொன்னார், அடிக்குறிப்பையும் வாசித்தார்.
அதற்குள் பாதிப் பேர்
போனுக்குக் குனிந்துவிட்டார்கள்.

"போன சட்டம் வேலை செய்கிறது, பாருங்கள்,
இன்னும் விரிவாக்குவோம்" என்றார் ஒரு செனட்டர்.
"தானாகவே குறைகிறதே,
இன்னும் பணம் எதற்கு" என்றார் எதிரே இருந்தவர்.
ஒரே மூன்று சதவீதம்.
ஏட்டுச் சுரைக்காயை
ஆளுக்குப் பாதி அறுத்துக்கொண்டார்கள்.

பின்வரிசையில் நான்.
ஊழியர்கள் பேச அனுமதியில்லை.
அந்த மூன்றுக்குள்
பொடித்துணுக்காய் ஆர்லனும் இருந்தார்,
தேறியவர்களோடு தேறியவராக.

நடைபாதையில் லெனோரிடம் சொன்னேன்.
"எத்தனை பேர் அப்படி?"
"தெரியாது. ஒருவர் சொன்னார்."
"ஒருவரை வைத்து என்ன செய்ய?"
கேட்டாரே தவிர நகரவில்லை.
பென்சிலை எடுத்து ஓரத்தில் குறித்தார்:
இருபத்தாறு. வார்த்தையை மாற்றலாமா?
உடனே அதன் கீழே:
மாற்றினால் பழைய வருடங்களோடு
ஒப்பிட முடியாது.

இரண்டும் உண்மை.
அந்தத் தாள் இன்னும்
அவர் மேசையில் கிடக்கிறது,
மேலே ஒரு ஆரஞ்சுத் தோல்.

அக்டோபரில் இரண்டாம் சுற்று.
அதே எண், அதே காற்று.
இருபத்தாறை முடிக்கும் முன்பே
"நீங்கள்தானா" என்றார்.
"போன தடவை
என்னை எதில் போட்டீர்கள்?"

கையேட்டில் இதற்கும் வழி உண்டு:
நடுநிலையாக இரு. அடுத்த கேள்விக்குப் போ.

போனேன்.
"பொதுவாக உங்கள் உடல்நலம்
மிக நன்று, நன்று, சுமார், மோசம்,
இதில் எது என்பீர்கள்?"

கெட்டில் சத்தம் இல்லை இந்த முறை.
"யாரோடு ஒப்பிட்டு?" என்று கேட்டார்.

என் விரல்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்.