214ஆம் பஸ்

பாலக்கோட்டில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே
என் வாடகை அறை.
வார்னிஷ் வாடையும் கருகிய செம்பின் வாடையும்
எனக்கு முன்னாலேயே அங்கே குடியிருந்தன.

நான் இங்கே
இல்லாத ஒரு மின்கட்டமைப்பைச் செய்துகொண்டிருக்கிறேன்.

உள்ளதன் படத்தைத் தர மாட்டார்கள்.
மூன்று கடிதம் போட்டேன்.
பாதுகாப்பு என்று பதில் வந்தது,
ஒரே ஒரு சொல், இரண்டு முத்திரை.
நியாயம்தான்.
எந்தக் கம்பி அறுந்தால் எந்த ஊர் இருளும் என்று
யார் கையிலும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

ஆகவே பொய்.
ஆறும் மலையும் மட்டும் நிஜம்,
மற்றதெல்லாம் நான் நட்டது.
ஊர்களைப் புள்ளிகளாகத் தூவினேன்.
தக்காளி மண்டிக்கு இவ்வளவு,
மாங்கூழ் ஆலைக்குப் பருவத்தில் மட்டும் இவ்வளவு,
கிணற்று மோட்டாருக்கு ஐந்து குதிரைத்திறன்.
ஏட்டில்தான் ஐந்து. கிணற்றில் ஏழரை.
அதையும் சேர்த்துக்கொண்டேன்,
பொய்யில் ஊர்ப்பொய்யும் இருந்தால்தான் நம்புவார்கள்.

கம்பிகளின் நீளம் நிஜக் கம்பிகளைப் போலவே
குட்டையும் நெட்டையுமாகக் கலந்திருக்க வேண்டும்.
தப்பித்தவறி ஒரு துணைமின்நிலையம்
உண்மையானதன் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டால்
பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டும்.
சாடை இருக்கலாம்.
ஆள் அவராக இருக்கக் கூடாது.

ஒரு கணுவுக்குள் வருகிற மின்னோட்டமும்
விட்டுப் போகிற மின்னோட்டமும் நேராக வேண்டும்.
அந்த ஒரு கணக்கில் மட்டும்
பொய் செல்லாது.

கணுவை எங்கள் பாடத்தில் பஸ் என்போம்.
ஒரு மத்தியானம் போனில் கத்திக்கொண்டிருந்தேன்:
"இருநூத்திப் பதினாலாம் பஸ்ஸை எடுத்துப் பார்த்தேன்,
அதோட பதினெட்டு பஸ் விழுந்துபோச்சு!"
படியேறி ஓடி வந்தார் திம்மராயன்,
பாதி சுற்றிய செம்புக் கம்பி கையோடு இழுபட.
"எங்கம்மா? தொப்பூர் எறக்கத்துலயா?
ஆளுங்களுக்கு என்ன ஆச்சு?"

ஆளே இல்லாத விபத்து என்று விளக்கி
திரையைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
சின்னாற்றை விரலால் தொட்டு,
அதன் வளைவோடு மேலே போய்,
ஒரு கரட்டடியில் நின்றார்.
"இது என்ன, பச்சையா ஒண்ணு?"
அதுதான் 214.

ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனவர்
எண்ணெய்க் கறை படிந்த நீள நோட்டோடு திரும்பினார்.
தேதி, ஊர், குதிரைத்திறன்,
கடைசிக் கட்டத்தில் எரிஞ்சது, எரிஞ்சது, எரிஞ்சது.
பக்கம் பக்கமாக ஒரே ஊர்ப்பேர்:
சீங்காட்டுக் கொட்டாய்.

"லைனோட வால்ல இருக்கு.
மூணு பேஸ் விடற நேரத்துல
நானூத்திப் பதினஞ்சு வரணும், முந்நூறுதான் வருது.
மோட்டார் மொனகும், அப்புறம் இங்க வரும்.
சப்ஸ்டேஷன் வேணும்னு பதினோரு வருசமா மனு குடுக்கறாங்க.
நீ வெச்சிருக்கியே,
அதே எடத்துலதான் கேக்கறாங்க."

என் நிரலுக்கு யாரும் மனு கொடுக்கவில்லை.
சுமையும் தூரமும் பார்த்து
அதுவாக வைத்தது.

வாங்க முடியாத படம்
இத்தனை நாள் என் காலடியில்
நீல மையில் கிடந்திருக்கிறது.

"அது நெசமா வந்துட்டா
எனக்குத்தான் கடை ஓடாது" என்று
சிரித்துவிட்டு, பாதிச் சிரிப்பிலேயே நிறுத்தினார்.

இரவு விதியைத் திரும்பப் படித்தேன்.
நிஜத்தோடு ஒத்துப்போனால் நீக்கு.
அந்தக் கரட்டடியில் நிஜத்தில் எதுவும் இல்லை.
எனவே 214 இருக்கலாம்.
ஓட்டிப் பார்த்தேன், வால்முனையில் நானூற்று ஒன்பது.
பொய்யான சீங்காட்டுக் கொட்டாயில்
ஒரு மோட்டாரும் எரியவில்லை.
ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறவில்லை.

விடிகாலையில் கடை வாசலில்
டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்று வந்து நின்றது,
பின்னால் சணலால் கட்டிய மோட்டார்.
எந்த ஊர் என்று
திம்மராயன் கேட்கவில்லை.