பதுளை வீதி, ஏப்ரல்

நாலு டயருக்கும் நாலு தேசிக்காய்
பவளேந்திரன் மச்சான் வைத்தார்.
பிஸ்மில்லா சொல்லி அதன்மேல் ஏற்றினான் நளீம்.
களுவன்கேணி ஒழுங்கையில்
நாய்கள் மட்டும் விழித்திருந்தன.

இருபத்திரண்டு சீற், இருபத்தேழு தலை,
ஒரு வாளி இடியப்பம், பொரித்த மீன் வாசம்.
தலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
(மச்சான் இன்னும் தரவில்லை.
எழுதி வைத்திருக்கிறேன்.)

நுவரெலியா போகிறோம்.
குளிர் என்றால் எப்படி என்று
பிரிட்ஜைத் திறந்து திறந்து முகத்தை நீட்டி
ஒரு கிழமையாகப் பழகினான் என் மகன்.

அவனுக்கென்று சுவிஸிலிருந்து சட்டை வந்திருந்தது.
செம்மஞ்சள். முழங்காலுக்குக் கீழே இறங்கும்.
தங்கச்சி சுகிர்தா வேலைசெய்யும் மலை ஹோட்டலில்
யாரோ மறந்துவிட்டுப் போனது.
ஒரு வருசம் வைத்திருந்தார்களாம், தேடி வரவில்லை.
ஸிப்பில் இன்னும் தொங்குகிறது ஒரு சீட்டு:
கம்பியில் தொங்கியபடி பனிமலை ஏறும் கதிரைக்கு
ஒருநாள் டிக்கெட்.
முகம் தெரியாத அந்தப் பிள்ளை
அன்றைக்கு எத்தனை தரம் ஏறியதோ,
எத்தனை தரம் சறுக்கி இறங்கியதோ.

சுகிர்தா சறுக்கியதில்லை.
பதினெட்டு வருசமாகக் கட்டில் விரிப்பு மாற்றுகிறாள்.
ஜன்னலால் பார்த்தால்
எறும்பு மாதிரி வந்துகொண்டே இருப்பார்களாம்.
அவள் வழுக்கியது ஒரேயொரு தரம்,
பஸ் தரிப்பிடத்தில். வலது மணிக்கட்டு.
எங்களுக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்து.

கறுத்தப் பாலத்திலேயே
சட்டைக்குள் வேர்த்து ஊற்றியது அவனுக்கு.
கழற்று மனே என்றேன். மாட்டானாம்.
எழும்பிப் போய் நளீமிடம் சீட்டை நீட்டினான்.
நளீம் உள்விளக்கைப் போட்டு
இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தான்.
"இது மஹா ஓயா மட்டும்தான் செல்லும், மகன்."

வாய் பலித்தது.

புல்லுமலை தாண்டி, ஆனைக்குப் பயந்து
ஹோர்ன் அடித்து அடித்து வந்த பஸ்
மஹா ஓயாச் சந்திக்குக் கொஞ்சம் இப்பால்
பெருமூச்சு விட்டு நின்றது.
பெல்ட் அறுந்து ரேடியேட்டர் கொதிக்கிறது.
பெல்ட் ஏறாவூரில் இருந்து வரவேணும்.
பச்சைத் தண்ணி எங்கே என்றதற்கு
தேத்தண்ணிக் கடைச் சோமலதா கையைக் காட்டினாள்.
சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை:
அங்கே கிணறு கிணறாய் இருக்கு,
எல்லாம் சுடுதண்ணி.

இரவல் சுவெட்டர்கள், குரங்குத் தொப்பிகள்,
வங்கி மனேஜரிடம் கேட்டு வாங்கிய மப்ளர்
மரத்தடியில் குவிந்தன.
துஷ்யந்தி மச்சாள் ஒரு முட்டையைத் துணியில் கட்டி இறக்கினாள்,
அவியுமா பார்ப்பம் என்று.
அரைவாசிதான் அவிந்தது. அதையும் மச்சான் சாப்பிட்டார்.

விடிந்தும் விடியாத நேரம்.
கிணறுகளின் மேலே வெள்ளையாக எழும்பியது ஆவி.
குளிர் நாட்டில் புகை வரும் என்று
சித்தி அவனுக்குச் சொல்லியிருந்தாள்.
ஈரக்கல்லில் நின்றான்.
தொண்டைவரை ஸிப்பை இழுத்தான்.
"அம்மா, வந்திட்டம்."

திருத்தப்போனேன். மறுகா
போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன்,
சந்தியில் சிக்னல் வந்ததும் அனுப்பினேன்.

பெல்ட் வரும்போது பகல் இரண்டு மணி.
இனி மலை ஏறினால் இறங்காது என்றான் நளீம்.
பஸ்ஸைத் திருப்பினோம்.
பாதிக் காசு திரும்ப வேணும் என்று
முதலில் கேட்டவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் மடியில் நித்திரை அவன்.
சட்டையைக் கழற்றினேன், முதுகு முழுக்க வேர்க்குரு.
கரடியனாற்றில் போன் ஒருதரம் அதிர்ந்தது.
வேலைக்கு நடுவில், எழுத்துப் பிழையோடு,
சுகிர்தா:
"கல்லில ஏன் விட்ட நீ. கவணம் அக்கா.
வளுக்கும்."