காண்க: மாலுமி

மண்ணடி, இரண்டாம் மாடி.
கலைக்களஞ்சியத்தின் 'மீம்' தொகுதி
போன மழையில் ஊதி, இன்னும் மூட மறுக்கிறது.
மேலே இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கிறோம்.

முஅல்லிம்: கற்பிப்பவர்.
இரண்டாம் பொருள், கப்பலுக்கு வழி சொல்பவர்.
தமிழில், காண்க: மாலுமி.

அந்தக் 'காண்க' என்னைத் தூங்க விடவில்லை.
பதிப்பாளர் சபுரா கறார்:
"எண்பது சொல். ஆதாரம் இல்லாமல்
ஒரு காற்புள்ளிகூட வேண்டாம்."

விடிகாலை ஐந்தரை, காசிமேடு.
ஐஸ் உடைக்கிறார்கள். விசைப்படகின் விளிம்பில்
பல் துலக்கிக்கொண்டிருக்கிறார் தேசப்பன்.
"அண்ணே, இத ஓட்டுறவருக்கு இன்னா பேரு?"
"டிரைவரு."
"வேற பேரு?"
துப்பிவிட்டுச் சொன்னார்:
"ஓனர் கூப்புடுவாரு ஒண்ணு.
அத்த நீ எழுத முடியாது."

அரபுக் கடலில் ஏறிய சொல்
எங்கள் பாடப்புத்தகம் வரை வந்திருக்கிறது,
துறைமுகத்துக்குப் பக்கத்தில் இறங்கவில்லை.

எண்பதுக்கு மேல் ஒன்பது சொல், அடிக்குறிப்பாக:
காசிமேட்டில் இன்று வழக்கில் இல்லை. தகவல்: தேசப்பன், படகு எண் 2417.

சபுரா சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
படகு எண்ணை மட்டும்
இன்னொரு தடவை
சரிபார்த்து வரச் சொன்னாள்.