ரசமட்டம்

பாலம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அரை அங்குலம். அதற்கு மேல் இல்லை.
நீர்நாய் ஓடையைத் தாண்டப் பதினாறடி,
கேதுருப் பலகை இருபத்தெட்டு,
வரைபடம் என் மகன் ஆர்வோ போட்டது,
கணக்கு நோட்டின் பின்னட்டையில்.

கழுகு விருதுக்கான கடைசிப் பணி அது.
விதி ஒரே வரி: பையன் நடத்த வேண்டும்.
சாரண ஆசிரியர் ரூனி
எங்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்தார்.
ஒரு பைன் மரத்தைக் காட்டி,
"அதைத் தாண்டி எந்தத் தகப்பனும் வரக்கூடாது" என்றார்.
மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்
பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் போல.
சுப்பீரியர் ஏரிக் காற்று காபியை ஆற்றிவிட்டது.

எண்பது கஜம் தள்ளி
பன்னிரண்டு வயது ஐவர்
ஆணியைத் தலைகீழாகப் பிடிக்கிறான்.
க்வின்டன் அளந்த இடத்தையே மறுபடி அளக்கிறான்.
இரண்டு பேர் தவளை பிடிக்கப் போய்விட்டார்கள்.
ஆர்வோ யாரையும் அதட்டவில்லை.
தவளையைப் பார்க்க அவனும் போனான்.
ஒன்றரை மணி நேரம், ஒரு பலகை.
முப்பத்தோரு வருஷம் தச்சு வேலை செய்த என் கை
காலிக் கோப்பையைத் திருகித் திருகிப் பார்த்தது.

வேலை முடிந்த அன்றிரவே போனேன்.
நெற்றி விளக்கு, திருப்புளி, ரசமட்டம்.
கொசு அப்பிய ஜூன் மாத இருட்டு.
பதினொரு பலகையில் ஆணி பிடுங்கினேன்,
திருகாணி போட்டேன்,
உத்திரத்தின் அடியில் ஆப்பு வைத்தேன்.
அந்தச் சின்னப் பச்சைக் குமிழி
நடுவில் வந்து நிற்கும்போது கிடைக்கும் நிம்மதியை
நான் வேறெதிலும் கண்டதில்லை.
கல்யாணத்தில்கூட.

ஆகஸ்டில் நேர்காணல், தேவாலயத்தின் நிலவறையில்.
தபால் நிலையத்து லொரெய்ன் பெல்கி,
ஒரு பல் மருத்துவர்,
மூன்றாமவர் பெயர் மறந்துவிட்டது.
பெற்றோர் வெளியே இருக்க வேண்டும்.
ஆனால் அந்தக் கதவு முழுதாகச் சாத்தாது.
எனக்குத் தெரியும், அதை மாட்டியவன் நான்.

"எது தப்பாய்ப் போயிற்று?" என்றார் பெல்கி.
எல்லோரிடமும் கேட்பதுதான்.
"நாங்கள் கட்டினது சாய்ந்திருந்தது.
மறுநாள் காலை நேராக இருந்தது."
"யார் செய்தது?"
உள்ளே பழைய குளிர்சாதனப் பெட்டி
ஒரு முறை உறுமி அடங்கியது.
"எங்கள் அணியிடம் அந்த மாதிரித் திருகாணி இல்லை."

பல் மருத்துவர் சிரித்தார்.
"என் தம்பி மகன் பழைய மூக்குக்கண்ணாடி சேகரித்தே
இந்த விருதை வாங்கிவிட்டான்.
இது நிஜப் பாலம். வேலை மட்டமாகவா இருக்கிறது?"
"மட்டம் சரியாக இருக்கிறது," என்றார் பெல்கி,
"அதுதான் சங்கடம்."
பேனாவை மூடும் சத்தம் கேட்டது.
கோபமாக மூடவில்லை, மெதுவாகத்தான்.
"பதினெட்டு வயதாக எனக்கு இன்னும்
பதினொரு வாரம் இருக்கிறது" என்றான் என் பையன்.
பலகைக்கு ஒரு வாரம் என்று
நான் வெளியே கணக்குப் போட்டேன்.

காரில் அவன் ஒன்றும் பேசவில்லை.
பெட்ரோல் போடும் இடத்தில் மட்டும்,
"ஆப்பு என்ன மரம்?"
"ஓக்."
"ம். நல்ல ஆப்பு."

செப்டம்பரில் எல்லாவற்றையும் பிரித்தார்கள்.
நான் பைன் மரத்துக்கு இந்தப் பக்கம்.
ரூனி அன்று என்னிடம் பேசவில்லை,
காபி மட்டும் ஊற்றினார்.
ஐவர் இப்போது ஆணியை நேராகப் பிடிக்கிறான்,
க்வின்டனை அதட்டவும் செய்கிறான்,
ஆர்வோ அவனைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னான்.
என்ன சொன்னான் என்று காற்று கொண்டுவரவில்லை.

கையெழுத்து ஆயிற்று. பதக்கம் வந்தது.
அன்று காலை என் பட்டறை மேசையில்
ஓக் ஆப்பு இருந்தது,
சேறு துடைத்து.

பாலம் இப்போது வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
முக்கால் அங்குலம் இருக்கும்.
நான் அளக்கவில்லை.
நாயோடு தினமும் அதில்தான் போகிறேன்,
கால் தானாகவே
இடப்பக்கம் ஊன்றிக்கொள்கிறது.